முதலில் துணை, பிறகே பாதுகாவலர்

சண்டிகரில் அரசுக் காப்பகம் ஒன்றில் வாழ்ந்த இளம்பெண் கருவுற்றிருப்பது 2009 மே மாதம் தெரியவந்தது. பெற்றோர் இல்லாதவர். அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு கொண்டவர். காப்பகத்துக்குள்ளேயே வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார். அவரைக் காக்கத் தவறிய அதே நிர்வாகம், கருவைக் கலைக்க அனுமதி கேட்டுப் பஞ்சாப் - அரியானா உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு அந்தப் பெண்ணிடம் பேசியது. குழந்தை வேண்டும் என்பதே அவருடைய விருப்பம் என்று தெரிந்தது. குழுவின் அறிக்கையும் கரு தொடர்வதற்குச் சாதகமாகவே இருந்தது. அப்படியிருந்தும் ஜூலை 17 அன்று கருக்கலைப்புக்கு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தபோது கரு 19 வாரங்களைக் கடந்திருந்தது. அன்றைய சட்டம் வைத்திருந்த எல்லை 20 வாரம். ஜூலை 21 அன்று உயர்நீதிமன்ற உத்தரவுக்குத் தடை விதித்த உச்சநீதிமன்றம், ஆகஸ்ட் 28 அன்று விரிவான தீர்ப்பை வழங்கியது. அமர்வில் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணனுடன் பி. சதாசிவம், பி.எஸ். சவுகான் ஆகியோர் இருந்தனர். கருக்கலைப்புச் சட்டத்தின்படி, வயதுவந்தவர்களில் மனநோயாளியான பெண்ணுக்கு மட்டுமே பாதுகாவலரின் ஒப்புதல் போதும். அறிவுசார் குறைபாட்டை அந்த வரையறையிலிருந்து 2002ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகவே விலக்கியிருந்தது. எனவே இந்தப் பெண்ணின் சொந்த ஒப்புதல் இல்லாமல் அவர் கருவில் யாரும் கைவைக்க முடியாது என்றது தீர்ப்பு. அவருடைய மனவளர்ச்சி 9 வயதுக் குழந்தையினுடையது என்ற வாதத்தால் அந்த உரிமையை அசைக்க முடியவில்லை. லேசான, மிதமான குறைபாடு உள்ளவர்களும் நல்ல பெற்றோராக இருக்க முடியும் என்று நீதிபதிகள் எழுதினர். மகப்பேறு குறித்த தேர்வு அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்றும் சொன்னார்கள்.

இந்தத் தீர்ப்பைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து வரும் பகுதியும் அதே அளவுக்கு முக்கியம் என்று எனக்குப் படுகிறது. குழந்தையைப் பெற்று வளர்க்க அந்தப் பெண்ணுக்கு உதவி தேவை என்பதை நீதிமன்றம் மறைக்கவில்லை. அந்த உதவிக்கு, அறிவுசார் குறைபாடு உள்ளிட்டவற்றுக்கான அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளை பொறுப்பேற்க முன்வந்ததைத் தீர்ப்பு பதிவுசெய்கிறது. சென்னையில் வித்யாசாகர் அமைப்பைத் தொடங்கிய பூனம் நடராஜன் அப்போது அறக்கட்டளையின் தலைவராக இருந்தார். ஆக, அந்தப் பெண் ஒரு முடிவைச் சொன்னார். அந்த முடிவை வாழ்ந்து காட்டத் தேவையான துணையும் கிடைத்தது. அவர் சார்பில் வேறொருவர் முடிவெடுக்க வேண்டிய அவசியமே எழவில்லை.

‘துணையுடன் முடிவெடுத்தல்’ என்று சட்ட உலகம் இன்று பேசுவதன் சாரம் இவ்வளவுதான். ஒருவருக்குப் புரிந்துகொள்வதிலோ, எடைபோடுவதிலோ, வெளிப்படுத்துவதிலோ சிரமம் இருந்தால், அந்தச் சிரமத்துக்கு உதவி செய்ய வேண்டும். முடிவு அவருடையதாகவே இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் நம் சட்டங்களும் அலுவலகங்களும் நூற்றாண்டுக்கும் மேலாக இதற்கு நேர் எதிரான பழக்கத்தில் ஊறியவை.

இத்தனைக்கும் தொடக்கம் அவ்வளவு மோசமாக இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தன் 12ஆவது பிரிவில், ஒப்பந்தம் செய்யும் அந்த நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு தன் நலனுக்கு அது என்ன செய்யும் என்று கணிக்கக்கூடியவரா என்று மட்டுமே கேட்கிறது. மனநோய் விடுதியில் இருப்பவர்கூட, தெளிவாக இருக்கும் இடைவேளைகளில் ஒப்பந்தம் செய்யலாம் என்று அந்தப் பிரிவே உதாரணம் தருகிறது. காலனிய காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. ‘இவர் எப்படிப்பட்டவர்’ என்ற கேள்விக்குள் போகாமல், ‘இப்போது, இந்த முடிவை இவரால் எடுக்க முடிகிறதா’ என்பதோடு நிறுத்திக்கொண்டது.

அந்த நிதானம் மற்றச் சட்டங்களில் இல்லை. 1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம் மனிதரையே வகைப்படுத்தியது. மாவட்ட நீதிமன்றம் விசாரித்து ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று அறிவித்துவிட்டால் அவருடைய உடலும் சொத்தும் இன்னொருவர் பொறுப்புக்குப் போகும். பெயரை மாற்றிய 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்குவது, திருமணத்தைச் செல்லாததாக்குவது என இதே சிந்தனை வேறு சட்டங்களிலும் கிளைவிட்டது.

சட்டத்தில் இல்லாத அதிகாரத்தையும் இந்தச் சிந்தனை பலருக்குக் கொடுத்தது. 1994இல் புனே அருகே ஷிரூரில் அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களின் கருப்பைகள் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டன. மாதவிடாய்ச் சுகாதாரம் காரணமாகச் சொல்லப்பட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பற்றிய கொட்டகையிலிருந்து சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். குடும்பத்தார் கொண்டுவந்து விட்டார்கள், நடத்தியவர்கள் பிணைத்து வைத்தார்கள், கட்டப்பட்டவர்களின் விருப்பம் இதில் எந்தக் கட்டத்திலும் குறுக்கே வரவில்லை. ஒருவரின் சொல்லுக்குச் சட்ட மதிப்பு இல்லை என்று ஊர் தீர்மானித்துவிட்டால், அவர் உடலுக்கு எதுவும் நேரலாம்.

2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு இந்தப் பழக்கத்தின் வேரைத் தொட்டது. வாழ்க்கையின் எல்லாத் துறைகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு. அந்தத் தகுதியைப் பயன்படுத்தத் தேவையான துணையைப் பெற்றுத் தருவது அரசின் கடமை என்றது. பல ஆண்டுகள் நடந்த வரைவுப் பேச்சுகளில் மிகக் கடுமையாக விவாதிக்கப்பட்ட பிரிவுகளில் இதுவும் ஒன்று. நம் நாட்டுச் சட்ட அறிஞர் அமிதா தண்டா அந்த விவாதங்களில் முன்னின்று வாதாடியவர்களில் ஒருவர். உடன்படிக்கையை உறுதிசெய்தபோது கனடா இந்தப் பிரிவுக்கு ஒதுக்கம் தெரிவித்தது. ஆஸ்திரேலியா தன் விளக்கத்தை இணைத்தது. 2007 அக்டோபர் 1 அன்று உறுதிசெய்த இந்தியா அப்படி எதுவும் சொல்லவில்லை. 2014இல் உடன்படிக்கைக் குழு வெளியிட்ட முதலாவது பொதுக் கருத்துரை இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவரின் ‘நலன்’ எது என்று பிறர் கணிப்பதை விட்டுவிட்டு, அவருடைய விருப்பமும் தேர்வும் எவை என்று தேட வேண்டும். பிறர் முடிவெடுக்கும் ஏற்பாடுகளை ஒழித்துத் துணை ஏற்பாடுகளை வைக்க வேண்டும் என்றது.

இந்தியாவின் பதில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் 13, 14 ஆகிய இரண்டு பிரிவுகளையும் அடுத்தடுத்து நிதானமாக வாசிக்க வேண்டும்.

13ஆவது பிரிவு துணிச்சலானது. சொத்து வைத்திருக்கவும், வாரிசாகப் பெறவும், தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும், வங்கிக் கடன் வாங்கவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. துணை நிற்பவருக்கும் அவருக்கும் ஒரு விஷயத்தில் நலன்கள் மோதினால் அந்த விஷயத்தில் துணை நிற்பவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். துணை நிற்பவரைப் பிடிக்கவில்லையென்றால் மாற்றலாம், ஏற்பாட்டைக் கலைக்கலாம். துணை நிற்பவர் தகாத செல்வாக்குச் செலுத்தக் கூடாது. அந்தரங்கத்தை மதிக்க வேண்டும். அண்ணன் தம்பிகள் சேர்ந்து பாகப்பிரிவினை எழுதும்போது, ‘அவனுக்கு எதுக்கு, நாங்க பார்த்துக்கிறோம்’ என்று ஒரு பங்கை விழுங்கிவிடும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை உண்டு என்பதை யோசித்தால், இந்த வரிகளின் கனம் தெரியும். பத்திரத்தில் ‘சுயநினைவுடனும், யாருடைய தூண்டுதலும் இன்றியும்’ என்று அச்சடித்த வாசகத்துக்குக் கீழே, விவரம் சொல்லப்படாமலே பிடித்து வைக்கப்படும் கட்டைவிரல்களைப் பற்றிய சட்டம் இது.

14ஆவது பிரிவு பாதுகாவலரைப் பற்றியது. போதுமான, பொருத்தமான துணை அளிக்கப்பட்ட பிறகும் ஒருவரால் சட்டப்படி செல்லத்தக்க முடிவை எடுக்க முடியவில்லை என்று மாவட்ட நீதிமன்றமோ, மாநில அரசு அறிவித்த அதிகாரியோ கண்டால், வரம்புக்குட்பட்ட பாதுகாவலரை நியமிக்கலாம். வரம்பு என்ன என்பதையும் பிரிவே விளக்குகிறது: அது இருவரின் நம்பிக்கையில் நடக்கும் கூட்டு முடிவு, குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட சூழலுக்கு மட்டும், மாற்றுத்திறனாளியின் விருப்பத்துக்கு ஏற்பவே இயங்க வேண்டும். வேறு எந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் இனி இந்த வரம்புக்குட்பட்டவராகவே கருதப்படுவார் என்றும் சொல்கிறது. ‘முழுத் துணை’ என்ற பெயரில் இந்த வரம்பைத் தாண்டவும் பிரிவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பது உண்மை, ஐ.நா. குழு 2019இல் இந்தியாவின் அறிக்கையைப் பரிசீலித்தபோது பாதுகாவலர் முறையையே நீக்கச் சொன்னதும் உண்மை. இந்தப் பிரிவு முழுமையானதல்ல. ஆனாலும் இருக்கிற வாசகத்தின்படியே நடந்திருந்தால்கூட நிலைமை இன்று வேறாக இருந்திருக்கும்.

சட்டம் ஒரு வரிசை வைத்தது. முதலில் துணை, அது போதாதபோது மட்டும், அதுவும் அளவோடு, பாதுகாவலர். நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. யாரும் துணை ஏற்பாடு செய்து பார்ப்பதில்லை; நேரே பாதுகாவலர் நியமனம்தான். என் வாதம் முழுக்க இந்த ஒரு புள்ளியைப் பற்றியது.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். பாதுகாவலருக்குக் கையில் ஒரு சான்றிதழ் இருக்கிறது. துணை நிற்பவருக்கு எதுவும் இல்லை. 13ஆவது பிரிவு துணை ஏற்பாட்டை மாற்றவும் கலைக்கவும் உரிமை தருகிறது. அந்த ஏற்பாட்டை எந்தப் படிவத்தில் எழுதுவது, எங்கே பதிவது, வங்கி மேலாளரிடமும் சார்பதிவாளரிடமும் எதைக் காட்டுவது என்று சட்டம் சொல்லவில்லை. 15ஆவது பிரிவின்படி அரசு அதிகாரிகளை நியமித்து, துணை ஏற்பாடுகளுக்குச் சமூகத்தைத் திரட்ட வேண்டும். இல்லங்களில் வாழ்கிறவர்களுக்கும் அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்கும் அந்த ஏற்பாடுகளைச் செய்தே தர வேண்டும். இந்தப் பிரிவை ஓர் அலுவலகமாக, ஓர் ஊழியராக எந்தக் குடும்பம் நேரில் கண்டிருக்கிறது? வங்கி முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்தது சான்றிதழ் ஒன்றுதான். அவர் அதைத்தான் கேட்பார்.

விதிகளும் இந்தத் திசையிலேயே தள்ளுகின்றன. குறிப்பிட்ட முடிவுக்குக் குறிப்பிட்ட காலம் என்று சட்டம் எழுதியிருக்க, பல மாநிலங்களின் விதிகள் பாதுகாவலரின் பதவிக் காலத்தை முதலில் 5 ஆண்டு என்று வைத்து, நீட்டித்துக்கொள்ளவும் வழிசெய்கின்றன. ஒரு வங்கிக் கணக்கு திறக்க 5 ஆண்டா? ஓர் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தர 5 ஆண்டா? முடிவை மையமாக வைத்து எழுதிய சட்டத்தை, மனிதரை மையமாக வைத்து நடத்துகிற பழைய பழக்கம் விதிகளின் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

பெற்றோரைக் குறைசொல்லி இதை எழுதவில்லை. ‘நாங்க போன பிறகு இவனை யார் பார்ப்பா?’ என்ற கேள்வியோடு தூங்கி, அதே கேள்வியோடு எழுகிறவர்கள் அவர்கள். பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், அதுவரை தாய், தகப்பன் என்ற உரிமையில் போட்டுவந்த கையெழுத்து செல்லாமல் போகிறது. கணக்கு, காப்பீடு, உதவித்தொகை, குடும்ப ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் ‘கார்டியன் சர்டிபிகேட் இருக்கா?’ என்ற கேள்வி வருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைப் பாதிப்பு ஆகியவற்றுக்கான 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடமே இந்தச் சான்றைப் பெறலாம் என்று வழிசெய்தது. நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை என்பதால் அன்று அது பெரிய ஆறுதல். 2007இல் ரிசர்வ் வங்கியும் அந்தக் குழுவின் சான்றை ஏற்கலாம் என்று வங்கிகளுக்குச் சொன்னது. குடும்பங்களின் அலைச்சலைக் குறைக்க எடுத்த இந்த நல்ல நடவடிக்கைகளே, பாதுகாவலர் சான்று இல்லாமல் அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் வங்கிக்குள் நுழைய முடியாது என்ற எண்ணத்தையும் உறுதிப்படுத்திவிட்டன.

அந்த 1999ஆம் ஆண்டுச் சட்டத்தைக்கூட முழுதாகப் பின்பற்றுவதில்லை. இவருக்குப் பாதுகாவலர் தேவையா, தேவையென்றால் எந்த நோக்கங்களுக்கு என்று குழு ஆராய வேண்டும் என அதன் 14ஆவது பிரிவு கேட்கிறது. நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் தர வேண்டும் என்கிறது 16ஆவது பிரிவு. தன் பொறுப்பில் தவறினால் அவரை நீக்கலாம் என்கிறது 17ஆவது. இத்தனை பூட்டுகளையும் ஒருங்கே போட்டுப் பார்த்த மாவட்டங்கள் எத்தனை என்பதை அரசு வெளியிட்டால், நம் குழுக்கள் இந்தப் பொறுப்பை எவ்வளவு மதிக்கின்றன என்று தெரிந்துவிடும்.

துணை என்றால் நடைமுறையில் என்ன என்ற கேள்வி நியாயமானது. எடுத்துக்காட்டாக, அறிவுசார் குறைபாடுள்ள 30 வயதுப் பெண் ஒருவருக்குக் கருப்பைக் கட்டி என்று வைத்துக்கொள்வோம். இன்று நடப்பது என்னவென்றால், மருத்துவர் அம்மாவைத் தனியே அழைத்துப் பேசுவார். அம்மா படிவத்தில் கையெழுத்திடுவார். மகளுக்கு ‘ஊசி போடப் போறாங்க’ என்று மட்டும் சொல்லப்படும். துணையோடு நடந்தால், அந்தப் பெண் நம்புகிற ஒருவர், அது அம்மாவாகவோ தோழியாகவோ சிறப்பாசிரியராகவோ இருக்கலாம், மருத்துவர் சொல்வதைச் சிறு சிறு துண்டுகளாக்கிச் சொல்வார். வயிற்றின் படத்தை வரைந்து காட்டுவார். அறுவை அறையை முன்கூட்டியே போய்ப் பார்த்து வருவார்கள். கட்டியை மட்டும் எடுப்பதா, கருப்பையையும் சேர்த்து எடுப்பதா என்பது இரண்டு தனித்தனிக் கேள்விகளாகக் கேட்கப்படும். காலையில் மிரண்டவர் மாலையில் தெளிவாகப் பேசுவார் என்றால் மாலையில் கேட்கப்படும். ‘வேண்டாம்’ என்றால், எது வேண்டாம் என்று தோண்டிக் கேட்கப்படும். பயம் ஊசியைப் பற்றியதாக இருக்கலாம், வீட்டைப் பிரிந்து படுப்பதைப் பற்றியதாக இருக்கலாம். பேச்சு வராதவர் என்றால், படங்களும் எழுத்துகளும் உள்ள தகவல் பலகையில் கண்ணாலோ விரலாலோ காட்டுவார். மூளை முடக்குவாதம் உள்ளவர்களோடு பழகிய சிறப்பாசிரியர்களுக்கு இது அன்றாட வேலை. அந்த அறிவை மருத்துவமனையும் வங்கியும் பயன்படுத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இதற்குக் கூடுதல் நேரம் ஆகும். அந்த நேரத்தைத் தருவதும் சட்டக் கடமைதான். மாற்றுத்திறனாளி எவருக்கும் அவருடைய சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதல் இல்லாமல் மலட்டுத்தன்மை உண்டாக்கும் சிகிச்சை செய்யக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆவது பிரிவு. ஷிரூரில் நடந்தது இன்று நடந்தால் அது நேரடியான சட்டமீறல்.

இந்தத் துணைக்கு ஆவண வடிவம் தர முடியாது என்கிறவர்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைப் பார்க்க வேண்டும். அங்கே அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் சமூக அமைப்புகளும் போராடிப் பெற்ற பிரதிநிதித்துவ உடன்படிக்கைச் சட்டம் 2000 முதல் நடைமுறையில் இருக்கிறது. வழக்கமான ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாதவர் என்று கருதப்படுகிறவரும் இந்த உடன்படிக்கையைச் செய்துகொள்ளலாம். அவருக்கு அந்தத் தகுதி உண்டா என்று பார்க்கச் சட்டம் கேட்பவை: தனக்கு ஒருவர் துணை வேண்டும் என்று வெளிப்படுத்துகிறாரா, விருப்பு வெறுப்புகளைக் காட்டுகிறாரா, இந்த ஏற்பாட்டால் அந்த நபர் தன்னைப் பாதிக்கும் முடிவுகளை எடுக்கக்கூடும் என்று உணர்கிறாரா, அவரோடு நம்பிக்கையான உறவு இருக்கிறதா. அறிவுத்திறன் சோதனையின் மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. அன்றாடப் பணவிவகாரம், உடல் பராமரிப்பு, மருத்துவம் ஆகியவை இதில் அடங்கும். பணம் சம்பந்தப்பட்டால், சில விலக்குகள் தவிர, கண்காணிப்பாளர் ஒருவரையும் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். அம்மா துணை நிற்கிறார், அத்தை கவனித்துக்கொள்கிறார் என்ற நம் வீடுகளின் வழக்கத்துக்குச் சட்ட முத்திரை கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது அந்த ஆவணம். ஒருவரின் நம்பிக்கையைச் சட்டத் தகுதியின் அளவுகோலாக வைத்தது, இந்தத் துறையில் நான் வாசித்தவற்றில் மிக மனிதத்தன்மையான ஏற்பாடு.

பெரு நாடு 2018 செப்டம்பரில் 1384ஆம் எண் ஆணையின் மூலம் தன் குடிமைச் சட்டத்தையே திருத்தி, மாற்றுத்திறனைக் காரணம் காட்டி ஒருவரைத் தகுதியற்றவர் என்று அறிவிக்கும் முறையை நீக்கியது. துணை வேண்டுவோர் நோட்டரியிடமோ நீதிபதியிடமோ போய்த் தாங்களே நியமித்துக்கொள்கிறார்கள். மறு ஆண்டே கொலம்பியா இதேபோன்ற சட்டம் இயற்றியது. 1871ஆம் ஆண்டின் பைத்திய ஒழுங்குமுறைச் சட்டத்தை வைத்துக்கொண்டிருந்த அயர்லாந்து, 2015இல் இயற்றிய புதிய சட்டத்தை 2023 ஏப்ரல் 26 அன்றுதான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் உதவியாளர், இணைந்து முடிவெடுப்பவர், பிரதிநிதி என்று தேவைக்கேற்ற படிகள் உண்டு. சுவீடன் 1989லேயே, ஒருவரை உரிமையற்றவராக்கும் நீதிமன்ற அறிவிப்பை ஒழித்தது. பிற்பாடு கடுமையான மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்காகத் ‘தனிப்பட்ட ஒம்புட்’ என்ற ஊழியர்களை நாடெங்கும் கொண்டுவந்தது. இவர்கள் மருத்துவருக்கோ குடும்பத்துக்கோ கட்டுப்பட்டவர்கள் அல்ல. துணை பெறுகிறவர் சொல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. கதவைத் திறக்க மறுக்கிறவரோடு தபால் துவாரத்தின் வழியாகப் பேசிப் பழகத் தொடங்குவதும் அவர்கள் வேலையில் சேர்த்தி. ஸ்கோனே வட்டாரத்தின் அமைப்பில், உறவு முடியும்போது காகிதங்களை அவரிடமே கொடுத்துவிடுவார்கள், அல்லது எரித்துவிடுவார்கள்.

எதிர்வாதங்கள் இரண்டு உண்டு, இரண்டுமே வலுவானவை. முதலாவது, நினைவிழந்து கிடப்பவர், எந்த வழியிலும் விருப்பத்தை வெளிப்படுத்த முடியாதவர் விஷயத்தில் என்ன செய்வது? அங்கே வேறொருவர் முடிவெடுக்கத்தான் வேண்டும். ஆனால் எதை வைத்து என்பதில் வித்தியாசம் இருக்கிறது. பெருவின் சட்டம், அவர் வாழ்ந்துவந்த முறை, இதுபோன்ற தருணங்களில் முன்பு அவர் வெளிப்படுத்தியவை, அவர் நம்பியவர்கள் தரும் தகவல்கள் ஆகியவற்றிலிருந்து அவர் விருப்பத்தை முடிந்தவரை ஊகிக்கச் சொல்கிறது. நம் நாட்டிலோ கோமாவில் கிடப்பவருக்கென்று தெளிவான சட்டமே இல்லாததால் குடும்பங்கள் உயர்நீதிமன்றங்களில் மனுப்போட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வாதம் எனக்கு இன்னும் கவலை தருவது. துணை என்ற பெயரில் ஆதிக்கம் நடக்காதா? நடக்கும். ‘அவளே சொல்லிட்டா’ என்று சொல்லிச் சொத்தை எழுதி வாங்குகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் அந்த ஆபத்து பாதுகாவலர் முறையில் குறைவு என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒற்றை ஆளிடம் எல்லாச் சாவியையும் கொடுத்து, அவர் கணக்குக் காட்டுகிறாரா என்று பார்க்காமல் விடும் ஏற்பாடு அது. துணை ஏற்பாட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களை வைக்கலாம், கண்காணிப்பாளர் வைக்கலாம், பிடிக்காதபோது மாற்றலாம். ஏமாற்றுகிறவர்களைத் தடுக்க வேண்டியதற்கு, ஏமாறக்கூடியவரின் உரிமையைப் பறிப்பது பதிலாகாது.

நம்மிடமே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய் உள்ளவர் உட்பட எல்லோருக்கும், விவரத்தைப் புரிந்துகொள்ளவோ விளைவை உணரவோ பேச்சால், சைகையால், முகபாவத்தால் முடிவைத் தெரிவிக்கவோ முடிந்தால், தம் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் தகுதி உண்டு என்று கருதச் சொல்கிறது. மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றும் முடிவை எடுத்தார் என்பதாலேயே தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார் என்ற வரி அதில் இருக்கிறது. நோய் முற்றும் நேரத்தில் தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், தரக் கூடாது என்று தெளிவான நேரத்தில் எழுதிவைக்கலாம்; தன் பிரதிநிதியைத் தானே நியமிக்கலாம். சங்கிலியால் கட்டுவதை 95ஆவது பிரிவு தடைசெய்கிறது. ஏர்வாடிக்குப் பிறகு 16 ஆண்டுகள் கழித்து வந்த வரி அது. சிகிச்சைக்கு இத்தனை தெளிவாக எழுத முடிந்த நாடாளுமன்றத்தால், பணத்துக்கும் சொத்துக்கும் வீட்டுக்கும் எழுத முடியாதா?

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் மட்டும் சுமார் 15 லட்சம் பேர்; மனநோய் உள்ளவர்கள் சுமார் 7 லட்சம் பேர். ஒவ்வொருவரும் 18 வயதை எட்டும் நாளில் பாதுகாவலர் சான்று என்ற ஒரே வாசலில் நிறுத்தப்படுகிறார்கள். இன்னொரு வாசலைத் திறக்கப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. துணை ஏற்பாட்டுக்கு ஒரு பக்கத் தமிழ்ப் படிவமும், அதைப் பதிய ஆட்சியர் அலுவலகத்தில் ஓர் இடமும், வங்கிகளும் சார்பதிவாளர்களும் அதை ஏற்க வேண்டும் என்ற உத்தரவும் போதும். பாதுகாவலரை நியமிக்கும் ஒவ்வோர் ஆணையிலும், அதற்குமுன் என்ன துணை அளிக்கப்பட்டது, அது ஏன் போதவில்லை என்று எழுதப்பட வேண்டும். எழுதப்படாத ஆணை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவுக்கு எதிரானது.

அரசு இதைச் செய்யும்வரை குடும்பங்கள் காத்திருக்க முடியாது என்பது தெரியும். மனுவோடு ஆட்சியர் அலுவலகம் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எந்த முடிவுக்காக, எவ்வளவு காலத்துக்குப் பாதுகாவலர் தேவை என்பதை மனுவிலேயே எழுதுங்கள். ‘எல்லாவற்றுக்கும்’ என்று எழுதாதீர்கள். உங்கள் மகனையோ மகளையோ குழுவின் முன் அழைத்துச் சென்று, அவரிடம் நேரடியாகப் பேசும்படி கேளுங்கள். அவர் எப்படிப் பேசினால் புரிந்துகொள்வார், எப்படித் தன் விருப்பத்தைக் காட்டுவார், யாரை நம்புகிறார் என்று ஒரு தாளில் எழுதி மனுவோடு இணையுங்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கு அந்தத் தாள் தேவைப்படும்.